பெயர் சர்ச், உள்ளே சீன சாமி

கொல்கத்தாவின் பழைய சைனா டவுனில் உள்ள தாவோ கோயில்களுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஊதுபத்தி ஏற்ற வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

கொல்கத்தாவில் லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்துச் சந்துகளில் நுழைந்தால் ஒரு வினோதம் காத்திருக்கிறது. சாத்தாவாலா கல்லியில் ஒரு பழைய மாடிக் கட்டிடம். பெயர் ஸீ இப் சர்ச். உள்ளே சிலுவை இல்லை, பாதிரியார் இல்லை, பெஞ்சு வரிசையும் இல்லை. மாடியேறினால், செதுக்கு வேலைப்பாடுள்ள மர மாடத்துக்குள் குவான் யின் அம்மன் வீற்றிருக்கிறாள். எதிரே சாம்பல் நிறைந்த சட்டியில் நட்டுவைத்த ஊதுபத்திகள் புகைகின்றன. இது 1905-ல் ஏற்பட்ட சீனக் கோயில்.

கொஞ்ச தூரத்தில் பிளாக்பர்ன் சந்தில் செங்கல் சிவப்பில் டூங் ஆன் சர்ச். 1924-ல் கட்டியது. அதன் கீழ்த்தளத்தில்தான் ஒரு காலத்தில் நகரத்துப் பெரிய மனிதர்களும் சினிமா நட்சத்திரங்களும் மொய்த்த நான்கிங் ஹோட்டல் இருந்தது. ஹோட்டல் மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாடியில் இருக்கும் போர்த் தெய்வம் குவான் யூ மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. சுற்றுவட்டாரத்தில் நாம் சூன், ஜீ ஹிங், சூங் யீ தோங் என்று இன்னும் சில 'சர்ச்'கள். எல்லாம் காலாற நடந்து பார்த்துவிடக்கூடிய தூரத்தில் உள்ளன. ஆங்கிலேயர் காலத்தில் ஒட்டிக்கொண்ட அந்த ஆங்கிலச் சொல் இன்றும் உதிரவில்லை.

இந்தச் சந்துகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் வருகிறது. சாமி கும்பிட அல்ல. திரெட்டா பஜார் தெருவோரத்தில் விடியற்காலையில் விற்கும் சீனப் பலகாரங்களுக்காக. ஆவியில் வெந்த கொழுக்கட்டை போன்ற மோமோ, வெள்ளை பன்னுக்குள் இறைச்சிப் பூரணம், மீன் உருண்டை சூப். எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் கடை கட்டிவிடுவார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் அடுத்ததாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கோயில்களுக்குள் நுழைகிறார்கள். சிவப்பு விளக்கு, தங்க முலாம் பூசிய மரச்சிற்பம், புகை, மேலிருந்து சாய்வாக விழும் வெளிச்சம். படம் எடுப்பதற்கென்றே அமைத்தது போன்ற காட்சி.

ஆனால் அந்தப் படங்களில் எது இருக்கிறது, எது விட்டுப்போகிறது என்பதுதான் கேள்வி.

விடுதியே கோயில்

ஹைதராபாதிலிருந்து கிளம்புகிறவருக்கு இது எட்டாத ஊர் அல்ல. சிகந்தராபாதில் ஃபலக்நுமா எக்ஸ்பிரஸ் ஏறினால் ஒரு பகலும் ஓர் இரவும் கழித்து ஹௌரா. ஹைதராபாதில் மசூதிக்கும் கோயிலுக்கும் குருத்வாராவுக்கும் சர்ச்சுக்கும் பஞ்சமில்லை. பார்சிகளின் அக்னிக் கோயில்கூட உண்டு. தாவோ கோயில்களைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் கொல்கத்தாவுக்குத்தான் போக வேண்டும். காரணம் சுலபம். கோயில் கட்ட ஆள் வேண்டும். ஆள் மட்டும் போதாது, ஊர்க்கூட்டம் வேண்டும். சீனாவிலிருந்து கப்பலேறியவர்கள் கூட்டமாக இறங்கிய துறைமுகம் கல்கத்தா. மற்ற நகரங்களுக்குப் போனவர்களில் பலர் தனித்தனிக் குடும்பங்களாகப் போனார்கள். சென்னைவாசிகள் நன்றாக அறிந்த சீனப் பல் டாக்டர்கள் அப்படிப் போனவர்களின் வாரிசுகள்.

திரெட்டா பஜாரின் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. எட்வர்டோ திரெட்டா என்பவர் வெனிஸ் நகரத்து இத்தாலியர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவின் தெருக்களையும் கட்டிடங்களையும் மேற்பார்வை செய்த கம்பெனி அதிகாரி. இத்தாலியர் பெயர் கொண்ட சந்தையில், ஆங்கிலத்தில் சர்ச் என்று சொல்லிக்கொள்ளும் சீனக் கோயில்.

சரி, சீனத்தில் இவற்றுக்கு என்ன பெயர்? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு முதலில் எழும் கேள்வி இது. ஸீ இப் சர்ச்சின் சீனப் பெயர் கோயில் என்றே சொல்லவில்லை. 'ஹுய்குவான்' என்கிறது. ஒரே வட்டாரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அயலூரில் சேர்ந்து கட்டிக்கொள்ளும் கூட்டுறவு இல்லம் அது. ஸீ இப் என்றால் 'நான்கு வட்டங்கள்'. குவாங்டோங் மாகாணத்தில் உள்ள தைஷான், கைபிங், ஷின்ஹுய், என்பிங் ஆகிய நான்கு வட்டங்களைச் சேர்ந்தவர்களின் இல்லம். நாம் சூன் என்பது நன்ஹாய், ஷுன்டே என்ற இரண்டு வட்டங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர்.

தமிழர்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை. நகரத்தார் காசியில் கட்டிய சத்திரத்தையும், பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கட்டிய விடுதிகளையும் தண்டாயுதபாணி கோயில்களையும் நினைத்துக்கொண்டால் போதும். பெட்டியடி ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம். ஊரிலிருந்து புதிதாக வந்தவன் பாயை விரிக்க ஓர் இடம், கடிதம் எழுதித் தர ஒரு கை, செத்தால் எடுத்துப் போட நாலு பேர். ஹுய்குவான் செய்த வேலையும் இதுதான். வந்தவனுக்குப் படுக்கை, வேலை தேடித் தருவது, கைமாற்று, பஞ்சாயத்து, கடைசியில் இடுகாட்டில் ஆறடி நிலம். இத்தனைக்கும் சாட்சியாக மாடியில் ஒரு தெய்வம். இன்றும் சில 'சர்ச்'களில் மேலே ஊதுபத்தி புகையும். கீழே கிழவர்கள் மாஜோங் காய்களை உருட்டிக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்க வருகிறவர்களுக்கு இது முரணாகப் படுகிறது. அவர்களைப் பொறுத்தவரை மேலேயும் கீழேயும் ஒரே வீடு.

வந்தவர்கள் தொழிலையும் வட்டார வாரியாகவே பிரித்துக்கொண்டார்கள். காண்டன்காரர்கள் தச்சு வேலைக்கும் கப்பல் துறைக்கும் போனார்கள். ஹக்காக்கள் தோல் பதனிட்டார்கள், செருப்பு தைத்தார்கள். ஹூபேயிலிருந்து வந்தவர்கள் பல் கட்டினார்கள்.

பூக்கட்டிப் பார்ப்பது போல

வாசலிலிருந்தே ஆரம்பிக்கலாம். சீனக் கோயிலின் வாசற்படி உயரமாக இருக்கும். மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் வாசற்படியில் உட்காராதே, நிற்காதே என்று அதட்டுவது நினைவுக்கு வரும். கதவில் காவல் தெய்வங்கள் இருவர். நம் துவாரபாலகர்களுக்குத் தூரத்து உறவு. கும்பிட வருகிறவர் மூன்று ஊதுபத்திகளை ஏற்றி, இரு கையாலும் நெற்றிக்கு நேரே பிடித்து வணங்கிவிட்டுச் சாம்பல் சட்டியில் நடுவார். பழம், தேநீர், சில நாட்களில் கோழி, பன்றி இறைச்சி எல்லாம் படையல். முன்னோருக்காகக் காகிதப் பணத்தைக் கொளுத்துவதும் உண்டு.

தெய்வத்திடம் கேள்வி கேட்கும் வழியும் இருக்கிறது. பிறைநிலா வடிவில் இரண்டு மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. மனதில் கேள்வியை நினைத்துத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் விழுந்தால் சாமி சரி என்று சொல்லிவிட்டது. இரண்டும் புடைப்பைக் காட்டினால் மறுப்பு. இரண்டும் தட்டையைக் காட்டினால் சாமி சிரிக்கிறது, கேள்வியை ஒழுங்காகக் கேள் என்று அர்த்தம். இன்னொரு முறையில், எண் எழுதிய குச்சிகள் நிறைந்த மூங்கில் குவளையைக் குலுக்கி, கீழே விழும் ஒரு குச்சியின் எண்ணுக்கு உரிய சீட்டைப் படித்துப் பலன் தெரிந்துகொள்வார்கள். அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பவர்களுக்கும் திருவுளச் சீட்டு எடுப்பவர்களுக்கும் இது அந்நியமாகத் தோன்றாது.

உள்ளே இருக்கும் தெய்வங்களும் அப்படித்தான். குவான் யூ கற்பனைப் பாத்திரமல்ல. கி.பி. 220 வாக்கில் கொல்லப்பட்ட நிஜமான படைத்தலைவர். சொன்ன சொல்லுக்காகவும் நட்புக்காகவும் நின்றவர் என்ற புகழ் அவரைப் பல நூற்றாண்டுகளில் தெய்வமாக்கிவிட்டது. சிவந்த முகம், நீண்ட தாடி, கையில் பிறைவாள் ஈட்டி. வியாபாரிகளுக்கு அவர்தான் நாணயத்தின் காவலர். விழுந்த வீரனுக்கு நடுகல் நட்டுப் படையலிட்ட சங்க காலமும், மதுரை வீரனும் காத்தவராயனும் நமக்குத் தெரிந்தவைதானே. மண்ணின் காவலரான து-தி-கோங், ஊர் எல்லையில் நிற்கும் சாமிகளின் சீன வடிவம். குவான் யின் கதை இன்னும் சுவையானது. இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனாவுக்குப் போன அவலோகிதேஸ்வரர், அங்கே காலப்போக்கில் பெண்ணுருக்கொண்டு கருணைத் தாயாகி, கப்பலேறிக் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்திருக்கிறார்.

அப்படியானால் இவை சுத்தமான தாவோ கோயில்களா? அந்தக் கேள்வி சீன பக்தருக்கு எழுவதே இல்லை. 'தாவோ' என்றால் வழி, நெறி. லாவோட்சு பெயரில் வழங்கும் 81 அத்தியாய நூல் அதன் வேர். கி.பி. 142-ல் ஜாங் தாவோலிங் தொடங்கிய இயக்கத்தோடு அது குருமார், சடங்கு, மந்திரம் எல்லாம் கொண்ட சமயமாயிற்று. ஆனால் தெருக்கோயிலில் தாவோவும் பௌத்தமும் கன்பூசியஸ் சொன்ன முன்னோர் மரியாதையும் நாட்டார் தெய்வங்களும் ஒரே கூரையின் கீழ்தான் வாழ்கின்றன. பிள்ளையாரையும் முனீஸ்வரனையும் ஒரே நாளில் கும்பிட்டுவிட்டு நாகூர் தர்காவுக்கும் நேர்ந்துகொள்ளும் தமிழரிடம் நீங்கள் எந்த மதம் என்று கறாராகக் கேட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும்.

நாற்பத்தைந்து ரூபாய் குத்தகை

இந்தியச் சீனர்களின் கதை தொடங்கும் இடம் கொல்கத்தாவுக்குள் இல்லை. ஹூக்ளி நதிக்கரையில், பட்ஜ்பட்ஜைத் தாண்டிச் சுமார் 33 கிலோமீட்டர் தெற்கே அச்சிப்பூர் என்ற கிராமத்தில் இருக்கிறது. ஊரின் பெயரே ஒரு சீனரின் பெயர். தோங் அச்சியு என்பவர் 1770களின் இறுதியில் வந்திறங்கினார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அவருக்கு 650 பிகா நிலத்தை ஆண்டுக்கு 45 ரூபாய் குத்தகைக்கு வழங்கினார். அச்சியு கரும்பு பயிரிட்டார். சர்க்கரை ஆலை வைத்தார். சீனாவிலிருந்து வேலையாட்களைக் கொண்டுவந்தார். ஆனால் 1783 முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். ஆலையும் தொடரவில்லை. தொழிலாளர்கள் கல்கத்தாவுக்கு நகர்ந்தார்கள்.

அச்சிப்பூரில் இன்று இருப்பவை இரண்டு. ஆற்றோரத்தில் குதிரைலாட வடிவில் சிவப்பு வண்ணம் அடித்த அச்சியுவின் சமாதி. கொஞ்சம் தள்ளி நிலத் தெய்வத்துக்கும் அவர் மனைவிக்குமான சிறு கோயில். சுற்றியுள்ள வங்காளிகள் இந்தத் தம்பதிக்குத் தங்கள் பாஷையில் கோதா, கூதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், கொல்கத்தாவிலிருந்து சீனக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து முதல் முன்னோருக்குப் படையலிட்டுவிட்டுப் போகின்றன. ஆண்டின் மற்ற நாட்களில் இது அமைதியான கிராமம்.

தேவ்லிக்குப் போன ரயில்

கொல்கத்தாவின் சீனர்கள் ஒரு காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. இன்று சுமார் இரண்டாயிரம் பேர்தான். இந்தச் சரிவுக்கு ஒரு தொடக்க ஆண்டைச் சொல்ல முடியும்: 1962.

அந்த ஆண்டு அக்டோபரில் சீனாவுடன் போர் மூண்டது. இந்தியாவில் பிறந்து, இந்தியப் பள்ளியில் படித்து, சீனாவைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள்கூட ஒரே நாளில் சந்தேகத்துக்குரியவர்களானார்கள். சுமார் 3,000 பேர், குழந்தைகளும் முதியவர்களும் உட்பட, ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்கு ரயிலில் கொண்டுபோகப்பட்டார்கள். போர் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. முகாமில் சிலர் ஐந்தாண்டுகள்வரை இருந்தார்கள். வெளியே வந்தவர்களில் பலருக்கு வீடும் கடையும் கைவிட்டுப் போயிருந்தன. முகாமுக்குப் போகாதவர்களும் ஊரைவிட்டு ஊர் போகப் போலீஸ் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இந்த அனுபவங்களை ஜாய் மாவும் திலீப் டிசோஸாவும் 'தேவ்லிவாலாஸ்' என்ற புத்தகமாக 2020-ல் பதிவு செய்தார்கள். கிட்டத்தட்ட அறுபதாண்டுகள் கழித்து.

வழி கிடைத்தவர்கள் கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று கிளம்பினார்கள். தங்கியவர்களுக்கு அடுத்த அடி 1996-ல் விழுந்தது. நகருக்குள் இருந்த தோல் தொழிற்சாலைகளை வெளியேற்றும்படி அந்த ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. சுற்றுச்சூழலுக்கு அது தேவையான தீர்ப்பு. ஆனால் டாங்ராவில் ஹக்காக்களின் வாழ்வே தோலில்தான் இருந்தது. சிலர் பன்தலாவுக்கு மாறினார்கள். சிலர் பதனிடும் கூடத்தையே ஹோட்டலாக மாற்றினார்கள். பலர் டொராண்டோவில் இருக்கும் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார்கள்.

டாங்ராவில் இன்னொரு கோயிலையும் பார்க்காமல் வரக் கூடாது. சீனக் காளி கோயில். காளி நம் காளிதான். சீனர்கள் கட்டி வணங்குவது. நூடுல்ஸ் பிரசாதமாகக் கிடைப்பது அதன் புகழ். மரத்தடியில் குங்குமம் பூசிய இரண்டு கற்களாக இருந்த தெய்வம், பிழைக்காது என்று கைவிடப்பட்ட ஒரு சீனச் சிறுவனைக் காப்பாற்றியதாகவும், அதன் பிறகே கோயில் எழுந்ததாகவும் அங்கே சொல்கிறார்கள். வேரூன்ற விரும்பியவர்கள் இவர்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

காத்திருந்த மூதாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திரெட்டா பஜார் கோயில் ஒன்றில் நான் பார்த்த காட்சி இது. ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு புகைப்படக் குழு பலிபீடத்துக்கு எதிரே முக்காலிகளை நிறுத்தியிருந்தது. ஒருவர் புகை நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஊதுபத்திகளை இடம் மாற்றி நட்டுக்கொண்டிருந்தார். பக்கவாட்டில், கையில் மூன்று ஊதுபத்திகளோடு ஒரு சீன மூதாட்டி நின்றிருந்தார். குறுக்கே போய்விடக் கூடாதே என்ற பாவனையில். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. சில நிமிடங்கள் கழித்து முக்காலிகள் நகர்ந்தன. அவர் போய் வணங்கினார், ஊதுபத்திகளை நட்டார், படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். அவர் இறங்கிய பிறகு மறுபடியும் முக்காலிகள்.

அந்த மூதாட்டி இல்லாவிட்டால் அது கோயில் அல்ல, அரங்க அமைப்பு. அவர் நிற்கும் இடத்தைக் கேமரா பிடித்துக்கொண்டதுதான் சங்கடம்.

கேமராவே வேண்டாம் என்பதல்ல வாதம். நம் ஊர்க் கோயில்களுக்கு அது எளிய வழி. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் கோயில்களுக்குள் செல்போனையே தடை செய்யச் சொன்னது. பார்சிகளின் அக்னிக் கோயிலில் வேற்று மதத்தவர் நுழையவே முடியாது. சிங்கப்பூரில் வாட்டர்லூ தெருவுக்குப் போனால், 1884-ல் ஏற்பட்ட குவான் யின் கோயிலும் 1870-ல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் ஒட்டினாற்போல் நிற்கின்றன. சீன பக்தர்கள் குவான் யினைக் கும்பிட்ட கையோடு கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். அந்தக் குவான் யின் கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி கிடையாது. நாள் முழுக்க அலை அலையாக பக்தர்கள் வரும் கோயிலுக்குப் படம் எதற்கு?

கொல்கத்தாவின் நிலைமை வேறு. இங்கே வெளியாட்களும் வராவிட்டால் சில நாட்களில் படியேற ஆளே இருக்காது. கதவைத் திறந்து வைத்திருப்பதே உபசாரம். எனவே கேமராவோடு போகிறவருக்குச் சில மரியாதைகள் போதும். காவலாளியிடமோ அங்கே இருக்கும் பெரியவரிடமோ கேட்டுவிட்டு எடுங்கள். கோயிலுக்குக் கோயில் பதில் மாறும். ஃபிளாஷ் வேண்டாம். படையலையும் ஊதுபத்தியையும் தொடாதீர்கள். கும்பிடுகிறவர் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டாதீர்கள். சந்நிதிக்கும் பக்தருக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

இன்னொன்றும் செய்யலாம். புகையையும் விளக்கையும் எடுத்த பிறகு, சுவர்களை எடுங்கள்.

கேமரா ஒரு மைப்படி

சீனக் கோயில் எழுத்தால் நிறைந்தது. வாசலுக்கு மேலே பெயர்ப்பலகை, தூண்களில் இரட்டை வரிகள், சுவரில் நன்கொடையாளர் பட்டியல். எந்த ஊர், யார், எவ்வளவு கொடுத்தார் என்று வரிசையாக. ஆண்டைக் குறிக்கும் முறையோ நமக்குப் பழகியது. 'ராஜராஜ தேவருக்கு யாண்டு' இத்தனை என்று நம் கல்வெட்டுகள் சொல்வதைப் போல, பேரரசர் குவாங்ஷுவின் 31-ஆம் ஆண்டு என்று இருந்தால் அது 1905. 1912-ல் முடியாட்சி போன பிறகு எழுதியவை குடியரசின் ஆண்டைச் சொல்லும். குடியரசு 13 என்றால் 1924. ஒரு பலகையின் ஓரத்து வரியே கட்டிடத்தின் ஜாதகத்தைச் சொல்லிவிடும்.

ஆனால் அதைப் படிக்க ஆள்? கொல்கத்தாவில் பிறந்த இளைய தலைமுறைச் சீனர்கள் இந்தி, வங்காளி, ஆங்கிலம் மூன்றிலும் வெளுத்துக்கட்டுவார்கள். சீன எழுத்து தெரிந்தவர்கள் சிலரே. 1969-லிருந்து கொல்கத்தாவில் வெளிவந்த சீன மொழி நாளிதழ் ஒன்று உண்டு. 'ஓவர்சீஸ் சைனீஸ் காமர்ஸ் ஆஃப் இந்தியா' என்பது அதன் ஆங்கிலப் பெயர். நாலு பக்கம், சில நூறு பிரதிகள். 2020-ல் கொரோனா ஊரடங்கோடு அதுவும் நின்றது. அதே ஆண்டில் அதன் ஆசிரியரும் காலமானார். நாளிதழை வாசிக்க ஆளில்லாத ஊரில், நூறு வருடத்துப் பலகையை யார் வாசிப்பார்கள்?

இங்கேதான் பயணியின் கேமரா உபயோகப்படும். கல்வெட்டுத் துறையினர் கல்லில் காகிதத்தை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். கல் சிதைந்தாலும் படி இருக்கும். இன்று படிக்க முடியாததை நாளை ஒருவர் படிப்பார். நேராக நின்று, எழுத்து சிதறாமல், முழுப் பலகையும் வரும்படி எடுத்த ஒரு படம் அந்த வேலையைச் செய்யும். கலைப் போட்டியில் அதற்குப் பரிசு கிடைக்காது. டொராண்டோவில் இருக்கும் ஒரு பேத்திக்குத் தாத்தாவின் பெயர் கிடைக்கக்கூடும்.

கல் பேசும் என்பதற்குத் தமிழும் சீனமும் சேர்ந்தே சாட்சி சொல்கின்றன. சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்து நிறுவிய கல்வெட்டு, 1409 என்று தேதியிட்டது. சீனப் பகுதியில் புத்தருக்கும், தமிழ்ப் பகுதியில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதியில் அல்லாவுக்கும் காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. அது 1911-ல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகை மூடிய பலகைக் கல்லாகக் கிடந்தது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே சீனாவில், சுவான்ஜோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலின் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கோயில் போய்விட்டது, கும்பிட்டவர்களும் போய்விட்டார்கள். எழுத்து மட்டும் தப்பியது.

நம் சாமிகளும் அங்கே

இதைப் படிக்கும் தமிழருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேவ்லிக்கு ரயில் போன அதே 1962-ல், மார்ச் மாதம், பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டாண்டுகளில் கடைகளும் வியாபாரங்களும் தேசியமயமாயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் உடுத்திய துணியோடு கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்களுக்காக 1969-ல் ஏற்பட்டதுதான். தரை வழியாகத் திரும்பப் போக முயன்று முடியாமல் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்ட தமிழர்கள், அங்கே அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டிக்கொண்டார்கள். பர்மாவின் ஊர்களில் முருகனும் மாரியம்மனும் மிச்சமிருக்கும் சில குடும்பங்களை நம்பி நிற்கிறார்கள். அங்கேயும் வேற்று நாட்டுப் பயணி ஒருவர் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் கற்பூரத்தோடு ஒரு பாட்டி காத்திருக்கலாம்.

பிழைக்கப் போனவன் கொண்டுபோகும் சாமி, அவன் அந்த ஊரை நம்பினான் என்பதற்கு அடையாளம். அவன் கிளம்பிவிட்டால் சாமியைக் கவனிக்கும் பொறுப்பு அந்த ஊருக்கு வந்து சேர்கிறது. திரெட்டா பஜாரின் கோயில்கள் சீனாவுடையவை அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கொல்கத்தாவின் மழையில் நனைந்த இந்தியக் கோயில்கள். அவற்றின் கூரை ஒழுகினால் அது நம் கூரை.

போக விரும்புகிறவர்களுக்கு: ஞாயிறு காலை ஆறு மணிக்கே திரெட்டா பஜாருக்குப் போய்விடுவது நல்லது. பலகாரம் முடிந்த பிறகு கோயில்கள். கதவு திறக்கும் நேரத்துக்கு உத்தரவாதமில்லை. மூடியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிப் போனால் சிங்க நடனத்தையும் அச்சிப்பூர் படையலையும் சேர்த்துப் பார்க்கலாம். படம் எடுத்து முடித்து லென்ஸை மூடிய பிறகு, உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு, நீங்களும் மூன்று ஊதுபத்தி ஏற்றுங்கள். எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.